17 முனைகளில் பித்தளை, மற்றதெல்லாம் பிளாஸ்டிக்: ஜிஐ லைனைக் கழித்து சிபிவிசி போட்ட கதை

எங்கள் வீடு திண்டுக்கல்லில் இருக்கிறது. 1994-ல் கட்டியது. சுவருக்குள் ஓடிய தண்ணீர் லைன் முழுவதும் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். போன கோடையில் அதை மொத்தமாகக் கழித்துவிட்டு, வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி போட்டோம். மழைக்காலம், மார்கழிக் குளிர் எல்லாம் பார்த்து, கீசர் தினமும் ஓடி, எந்த இடத்திலும் கசிவில்லை என்று உறுதியான பிறகுதான் இதை எழுதுகிறேன். பைப் மாற்றப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, பிளாஸ்டிக்கா இரும்பா என்பதுதான். எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய கேள்வி, எந்த இடத்தில் பிளாஸ்டிக், எந்த இடத்தில் உலோகம் என்பதாக இருந்தது.

முதலில் நிலவரம். குடிக்க, சமைக்க ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் தனியாக வருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர், நல்ல உப்பு. வாளியை இரண்டு வாரம் தேய்க்காமல் விட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். இந்தத் தண்ணீர்தான் 30 வருடமாக ஜிஐ பைப்பில் ஓடியது. காலையில் முதல் குழாயைத் திறந்தால் செம்மண் நிறத்தில் அரை வாளி வரும். ஷவரில் தண்ணீர் நூல் நூலாக விழும். குளியலறைச் சுவரின் மறுபக்கம், அதாவது படுக்கையறைப் பக்கம், பெயிண்ட் உப்பி உதிர ஆரம்பித்திருந்தது.

வெட்டி எடுத்த முதல் துண்டை ஹாக்ஸாவில் குறுக்காக அறுத்து வெர்னியர் வைத்துப் பார்த்தேன். அரை இஞ்ச் மீடியம் ஜிஐ பைப்பின் உள்விட்டம் புதிதாக இருக்கும்போது 16 மி.மீ. இருக்கும். எங்கள் துண்டில் மிகக் குறுகலான இடத்தில் 7 மி.மீ.தான் மிச்சம். துருவும் சுண்ணாம்பும் கலந்த படிவு, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பாளமாகப் பெயர்ந்தது. ஆனால் கசிவு இந்த அடைப்பினால் வரவில்லை. கசிந்த இடங்கள் எல்லாமே மரை இருந்த இடங்கள். எல்போ என்ற வளைவு இணைப்புக்குள் பைப் திருகியிருக்கும் கடைசி இரண்டு புரி, அங்கேதான் ஓட்டை.

இதற்குக் காரணம் எளிது. அரை இஞ்ச் மீடியம் பைப்பின் கனம் 2.6 மி.மீ. மரை போடும்போது 1.1 மி.மீ.க்கும் கொஞ்சம் கூடுதலாக வெட்டுப்பட்டுப் போகிறது. மிச்சம் ஒன்றரை மி.மீ. அதோடு மேலே இருந்த துத்தநாகப் பூச்சும் அந்த இடத்தில் போய்விடும். சைட்டில் வைத்து மரை வெட்டிய ஒவ்வொரு முனையும் வெறும் இரும்பாகத்தான் சுவருக்குள் போகிறது. பைப்பின் நடுப்பகுதி இன்னும் பத்து வருடம் தாங்கும் போலிருந்தது, முனைகள் முடிந்துவிட்டன.

மொத்தமாக மாற்றுவதற்கு முன்னால் ஒட்டுவேலையும் செய்து பார்த்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் சமையலறை சிங்க் குழாய்க்குப் பின்னால் கசிந்தது. அந்த எல்போவை மட்டும் எடுத்துவிட்டு, நான்கடி சிபிவிசி பைப்பும் முனையில் முழு பிளாஸ்டிக் எஃப்டிஏவும் வைத்தார்கள். எஃப்டிஏ என்றால் ஒரு பக்கம் பைப் ஒட்டும் சாக்கெட், மறுபக்கம் உள்மரை. அதில் பித்தளைக் குழாயை டெஃப்லான் டேப் சுற்றித் திருகினார்கள். அன்றைக்கு ஒரு சொட்டு கசிவில்லை. ஆறேழு மாதம் கழித்து சிங்க் அடியில் ஈரம். பிரித்துப் பார்த்தால், எஃப்டிஏவின் வாய் நெடுக்காக, தலைமுடி கனத்துக்கு விரிசல் விட்டிருந்தது.

குழாய் மரை நேராக இருப்பதில்லை, முனையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். உள்ளே போகப் போக அது ஆப்பு மாதிரி வேலை செய்யும். வெளியே இரும்போ பித்தளையோ இருந்தால் அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், மரை இறுகும். வெளியே பிளாஸ்டிக் இருந்தால் அது விரிந்துகொடுக்கும். உடனே உடையாது. அந்த இழுவிசையிலேயே நின்றுகொண்டிருக்கும். கூடவே தினமும் குழாயைத் திறந்து மூடும் கையின் அசைவு. ஒரு நாள் பிளந்துவிடும். டெஃப்லான் சுற்று கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். கசியக் கூடாது என்று பதினைந்து சுற்று சுற்றுவதுதான் பிளாஸ்டிக் மரையைப் பிளக்க நல்ல வழி.

அந்த ஒட்டுவேலையில் இன்னொரு சேதமும் நடந்தது. பழைய ஜிஐ நிப்பிளைக் (இரண்டு முனையிலும் மரை உள்ள சின்னத் துண்டு) கழற்ற ரிஞ்ச் போட்டு முறுக்கியபோது, சுவருக்குள் இருந்த அடுத்த எல்போவும் சேர்ந்து அசைந்திருக்கிறது. படுக்கையறைப் பக்க ஈரம் அதற்குப் பிறகுதான் வந்தது. முப்பது வருட ஜிஐ லைனில் ஒரு இடத்தைத் தொட்டால் பக்கத்து மூட்டு போகும் என்று பிளம்பர் அண்ணன் அப்போதே சொன்னார். "பூராத்தையும் மாத்திருங்க சார், இது தொட்ட இடமெல்லாம் வரும்" என்றார். அதற்குப் பணம் ஒதுக்க எங்களுக்கு மூன்று வருடம் ஆனது.

எதைப் போடுவது என்று யோசித்ததை நீட்டி எழுத வேண்டாம். புது ஜிஐ வேண்டாம் என்பது வெட்டிய துண்டைப் பார்த்ததுமே முடிவானது. எங்கள் தண்ணீருக்கு அது மறுபடி அதே கதைதான். யூபிவிசி என்ற சாதாரண பிளாஸ்டிக் பைப் விலை குறைவு, பச்சைத் தண்ணீருக்கு நன்றாக இருக்கும். ஆனால் 60 டிகிரிக்கு மேல் அதற்கு வேலையில்லை. கீசர் தெர்மோஸ்டாட் 60-ஐத் தாண்டியும் விடும். பிபிஆர் நல்ல பைப், சூடாக்கி உருக்கி ஒட்டுவது, சொல்யூஷன் என்ற பசையே தேவையில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் மூன்று பக்கம் பிரியும் ஒரு டீ இணைப்பு வேண்டும் என்றால் சொல்லி வரவழைக்க வேண்டும். ஒட்டும் மெஷினும் பழகிய கையும் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு எல்போ தேவைப்பட்டால் தெருமுனைக் கடையில் கிடைக்கும் பொருள் சிபிவிசிதான். 93 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், கீசருக்குப் போதும்.

பச்சைத் தண்ணீருக்கு யூபிவிசி, வெந்நீருக்கு சிபிவிசி என்று பிரித்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டுக்கும் சொல்யூஷன் வேறு வேறு. பைப்பின் வெளிவிட்டமும் வேறு. வேலை மும்முரத்தில் ஒரு டப்பாவை எடுக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றை எடுத்தால், அந்த மூட்டு டைல்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். வீடு முழுக்க ஒரே பைப், ஒரே சொல்யூஷன் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது அளவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளம்பர் போட்டுக்கொடுத்த முதல் பட்டியலில் முழு லைனும் அரை இஞ்ச் என்றுதான் இருந்தது. பழையது அரை இஞ்ச், புதியதும் அரை இஞ்ச். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிபிவிசி அளவு செம்புக் குழாய் அளவைப் பின்பற்றியது, ஜிஐ அளவு அல்ல. எஸ்டிஆர் 11 (பைப் சுவரின் கனத்தைக் குறிக்கும் வகை) அரை இஞ்ச் சிபிவிசியின் வெளிவிட்டமே 15.9 மி.மீ.தான். உள்ளே அளந்தால் 12.4 மி.மீ.க்குப் பக்கத்தில். புது ஜிஐயின் 16 மி.மீ.யோடு ஒப்பிட்டால் தண்ணீர் போகும் வழி அறுபது சதவீதம்தான். முக்கால் இஞ்ச் சிபிவிசியின் உள்விட்டம் 18 மி.மீ. அளவுக்கு வரும். ஆக, அரை இஞ்ச் ஜிஐக்கு மாற்று முக்கால் இஞ்ச் சிபிவிசி என்றுதான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பம்ப் வைத்து அழுத்தம் கொடுக்கும் வீட்டில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் வீடு மொட்டை மாடித் தொட்டியை நம்பி இருப்பது. தொட்டியின் அடிப்பாகத்திலிருந்து குளியலறைக் குழாய்க்கு உயரம் 4 மீட்டர். பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்தால், குழாயில் 0.4 கிலோ. ஷவர் அதற்கும் மேலே இருக்கிறது, அங்கே இன்னும் குறைவு. பைப் மேல் 28 கிலோ தாங்கும், சூட்டில் 7 கிலோ தாங்கும் என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் கடைக்காரர் வலுவைப் பற்றியே பேசினார். நம் லைனில் அரை கிலோகூட இல்லை. நமக்கு வேண்டியது வழி, வலு அல்ல. அதனால் தொட்டியிலிருந்து இறங்குவது ஒரு இஞ்ச், உள்ளே சுற்றுவது முக்கால், குழாய்க்குப் போகும் கடைசி இரண்டு மூன்று அடி மட்டும் அரை இஞ்ச் என்று பட்டியலை மாற்றினோம். பிளம்பர் மறுக்கவில்லை. வெட்டிய ஜிஐ துண்டையும் அரை இஞ்ச் சிபிவிசி துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவரே சரி என்றார்.

அப்புறம் முனைகள். வீட்டில் குழாய், வால்வு, கீசர் வந்து மாட்டும் இடங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். பெரிய குளியலறையில் வால் மிக்ஸருக்கு (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் குழாய்) இரண்டு, கீசருக்கு இரண்டு, வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், ஹெல்த் ஃபாசெட். சின்னக் குளியலறையில் ஐந்து. சமையலறையில் மூன்று. பின்பக்கம் துவைக்கும் கல்லுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒவ்வொன்று. ஆக 17. இந்த 17 இடத்திலும் உள்ளே பித்தளை மரை வார்த்த எஃப்டிஏ அல்லது எல்போ. வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் ஒன்று 30 ரூபாய். பித்தளை வைத்தது சராசரியாக 135 ரூபாய். வித்தியாசம் மொத்தம் 1,800 ரூபாய். சுவருக்குள் பைப்போடு பைப் சேரும் எல்லா எல்போவும் டீயும் கப்ளிங்கும் சாதாரண பிளாஸ்டிக்தான். அங்கே மரை இல்லை, ஒட்டியது ஒரே உடம்பாகிவிடும். ரிஞ்ச் படும் இடத்தில் உலோகம், ரிஞ்ச் படாத இடத்தில் பிளாஸ்டிக். எங்கள் பட்டியலை எழுதிய விதி இது ஒன்றுதான்.

பித்தளை வைத்த ஃபிட்டிங் வாங்கும்போதும் பார்த்து வாங்க வேண்டும். கடையில் மூன்று கம்பெனிச் சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் பித்தளை வளையம் மெல்லிசு, மரை நான்கைந்து புரிதான். நல்லதில் பித்தளை வெளியே நீட்டிக்கொண்டு அறுகோணமாக இருக்கும். குழாயை இறுக்கும்போது அந்த அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் முறுக்கும் விசை முழுவதும் பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருக்கும் பிடிப்பின் மேல் இறங்கும். அந்தப் பிடி ஒரு தடவை விட்டுவிட்டால் பித்தளை உள்ளே தனியாகச் சுற்றும். அதற்கு மருந்து கிடையாது, சுவரை உடைக்க வேண்டியதுதான்.

வேலை ஆரம்பித்ததும் பழைய பைப்பைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் செங்கல் சுவர் பாளமாக வரும் என்று கொத்தனார் சொன்னார். அதை அப்படியே விட்டு, இரண்டு முனையும் அறுத்து அடைத்துவிட்டு, பக்கத்தில் புதுக் காடி எடுத்தோம். கட்டிங் மெஷினால் இரண்டு கோடு, நடுவில் உளி. அகலம் ஒன்றரை இஞ்ச், ஆழம் ஒன்றரை இஞ்ச். வெந்நீர் லைன் போகும் காடி மட்டும் இரண்டு இஞ்ச் அகலம். தூசி அடங்க ஒருவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கட்டத்தில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று வெளிவந்தது, எல்லோரும் கவனிக்க வேண்டியது. கீசர் பிளக்கின் எர்த் ஒயர், எர்த் லைனுக்குப் போகாமல் ஜிஐ பைப்பில் கிளாம்ப் போட்டுக் கட்டப்பட்டிருந்தது. இரும்புப் பைப் மண்ணுக்குள் போகும் வரை அது எப்படியோ வேலை செய்திருக்கும். பைப்பை அறுத்துப் பிளாஸ்டிக் போட்டதும் கீசருக்கு எர்த்தே இல்லை. பழைய வீடுகளில் இப்படிக் கட்டும் பழக்கம் உண்டு என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். போர்டிலிருந்து தனி எர்த் ஒயர் இழுத்து, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வைத்த பிறகுதான் கீசரைத் தொட்டோம். ஜிஐயை எடுத்துப் பிளாஸ்டிக் போடும் யாரும், அறுப்பதற்கு முன் எர்த் எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது.

ஒட்டும் வேலை பார்க்க லேசாக இருக்கும், கவனம் முழுக்க அதில்தான் வேண்டும். பைப்பைக் கட்டரால் நேராக வெட்ட வேண்டும். ஹாக்ஸாவால் வெட்டினால் பிசிறு நிற்கும், அதைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் வெறுமனே செருகிப் பார்த்தால், பைப் சாக்கெட்டின் பாதி ஆழத்திலேயே பிடிக்க வேண்டும். அடிவரை லொடலொடவென்று போனால் அந்த ஃபிட்டிங் வேண்டாம். சாக்கெட்டின் முழு ஆழத்தையும் பைப் மேல் பென்சிலால் குறித்துக்கொண்டோம். சொல்யூஷன் பைப்பில் தாராளமாக, ஃபிட்டிங்கில் மெல்லிசாக. ஃபிட்டிங்குக்குள் அதிகம் தடவினால் உள்ளே வழிந்து குளம் கட்டும். தண்ணீர் போகும் வழியும் குறையும், பிளாஸ்டிக்கும் அங்கே இளகிப் பலவீனமாகும். செருகும்போது கால் சுற்றுத் திருப்பி, பென்சில் கோடு வரை தள்ளி, முப்பது விநாடி விடாமல் பிடிக்க வேண்டும். விட்டால் பைப் தானாகப் பின்னால் வரும்.

சித்திரை வெயிலில் சொல்யூஷன் தூரிகையிலேயே காய்ந்தது. அதனால் மொட்டை மாடி மூட்டுகளைக் காலை எட்டு மணிக்குள் முடித்தோம். டப்பா கெட்டியாகிவிட்டால் தின்னர் ஊற்றிக் கரைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கூடாது. கெட்டியான டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது 290 ரூபாய், அவ்வளவுதான்.

வால் மிக்ஸரின் இரண்டு முனைக்கும் நடுவில் மையத்துக்கு மையம் 150 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில், டைல்ஸ் முகப்போடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டிய பிறகு திருத்த முடியாது என்பதால், பிளம்பர் அண்ணன் ஒரு பலகைத் துண்டில் 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, இரண்டு எல்போவிலும் வாயை அடைக்கும் நீள டம்மி மாட்டி அந்தப் பலகையில் நிறுத்தினார். மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காரை வைத்தார்கள். டைல்ஸ் கனமும் அதன் பின்னால் வரும் கலவையும் சேர்த்து 20 மி.மீ. விட்டோம். ஒரு முனை மட்டும் உள்ளே போய்விட்டது. அதற்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேவைப்பட்டது. அங்கே ஜிஐ நிப்பிள் போட நான் விடவில்லை. உப்புத் தண்ணீரில் பித்தளையும் ஜிஐயும் தொட்டுக்கொண்டிருந்தால் ஜிஐதான் அரிக்கும். பழைய லைனில் பித்தளைக் குழாய் மாட்டியிருந்த ஜிஐ மூட்டுகள் மற்றவற்றைவிட மோசமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று. பித்தளை நிப்பிளே போட்டோம்.

மரைக்கு டெஃப்லான் மட்டும். பிளம்பர் அண்ணனுக்குச் சணலும் பெயிண்ட்டும்தான் கை பழகியது. ஜிஐயில் அது அருமையாக அடைக்கும். சிபிவிசியில் எண்ணெய் சார்ந்த எதுவும் படக் கூடாது, பிளாஸ்டிக்கில் நாளடைவில் விரிசல் விடவைக்கும். பித்தளை மரைக்குள் போடும் சணலும் பெயிண்ட்டும் வழிந்து பிளாஸ்டிக் மேல் இறங்கும் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். மரை முனையை நம்மைப் பார்க்க வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் எட்டுச் சுற்று. கையால் இறுகும் வரை திருகி, அப்புறம் ஸ்பேனரால் ஒன்றிலிருந்து ஒன்றரைச் சுற்று. அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

வெந்நீர் லைனுக்குத் தனிக் கவனம் கொடுத்தோம். கீசரிலிருந்து சமையலறை சிங்க் வரை நான்கு மீட்டர் நீளம். தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்குப் போனால், அந்த நான்கு மீட்டர் சிபிவிசி 9 மி.மீ. நீளும். இரும்பாக இருந்தால் 2 மி.மீ.கூட நீளாது. இந்த 9 மி.மீ. போக இடம் வேண்டும். சிமென்ட் கலவையில் இறுக்கிப் பூசினால் விசை முழுக்க எல்போ மேல் விழும். அதனால் அந்த லைன் முழுவதும் கறுப்பு நிற நுரை உறை மாட்டினோம். வளைவு வரும் இடத்தில் காடியை இன்னும் அகலமாக்கிக் கலவை படாமல் விட்டோம். உறைக்கு ஆன செலவு 600 ரூபாய். வெந்நீரும் சீக்கிரம் ஆறுவதில்லை.

கீசரில் நேரடியாகச் சிபிவிசி மாட்டவில்லை. சுவரில் பித்தளை எஃப்டிஏ, அதில் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்வு, அங்கிருந்து கீசருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னல் ஹோஸ். ஒன்று 220 ரூபாய். கீசருக்குள் ஹீட்டர் பக்கத்துச் சூடு முதலில் படும் இடம் அதுதான். தெர்மோஸ்டாட் என்றைக்காவது பழுதானாலும் அந்தச் சூட்டை உலோகம் முதலில் வாங்கும்.

காரை பூசுவதற்கு முன் அழுத்தச் சோதனை. கையால் அடிக்கும் டெஸ்ட் பம்ப் வாடகை 400 ரூபாய். கடைசி மூட்டு ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, எல்லா முனையிலும் டம்மி மாட்டி, காற்றெல்லாம் வெளியேறும் வரை தண்ணீர் விட்டு, 10 கிலோவுக்கு ஏற்றினோம். பத்து நிமிடத்தில் முள் 8-க்கு இறங்கியது. துணியால் ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துக்கொண்டே போனதில் இரண்டு இடம் பிடிபட்டது. ஒன்று பிளாஸ்டிக் டம்மியின் மரை, அது தற்காலிகம்தானே, கவலையில்லை. இன்னொன்று துவைக்கும் கல்லுக்குப் போகும் டீ. பென்சில் கோடு சாக்கெட்டுக்கு வெளியே 6 மி.மீ. தள்ளி நின்றது. பைப் பின்னால் நகர்ந்திருக்கிறது. அந்த டீயை வெட்டி எடுத்துப் புதிது போட்டோம், 70 ரூபாய்ச் சாமான். மறுநாள் ஏற்றியதில் ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. இந்தச் சோதனை வேண்டாம், தொட்டித் தண்ணீரைத் திறந்து பார்த்தாலே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. 0.4 கிலோவில் அந்த டீ அன்றைக்குக் கசிந்திருக்காது. டைல்ஸ் ஒட்டி, வருடம் ஒன்று போன பிறகு கசிந்திருக்கும்.

மொட்டை மாடியில் வேறு கணக்கு. தொட்டியின் கேட் வால்வு பழையது, பித்தளை. உப்புப் பிடித்து, பாதி மூடிய நிலையில் அசையாமல் நின்றுவிட்டிருந்தது. அதற்குப் பதில் பிளாஸ்டிக் பால் வால்வா, பித்தளை பால் வால்வா என்று பேச்சு வந்தது. பிளாஸ்டிக்கில் உப்பு அவ்வளவாக ஒட்டாது, உண்மைதான். ஆனால் வெயிலில் கிடந்து கைப்பிடி இறுகி, அவசரத்துக்குத் திருப்பும்போது காதோடு உடைந்ததைப் பக்கத்து வீட்டில் பார்த்தோம். ஒரு இஞ்ச் பித்தளை பால் வால்வு இரண்டு வாங்கினோம், ஒன்று 750 ரூபாய். இரண்டு பக்கமும் யூனியன், அதாவது பைப்பை வெட்டாமல் கழற்றி மாட்டும் இணைப்பு. மாதம் ஒரு முறை திறந்து மூடினால் உப்பு உட்கார நேரமிருக்காது. வெளியே தெரியும் பைப் முழுவதற்கும் வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட், தண்ணீரில் கரைக்கும் ரகம். எனாமல் பெயிண்ட்டில் இருக்கும் கரைப்பான் பைப்பையே கெடுக்கும். வெயில் நேராகப் பட்டால் சிபிவிசி வெளுத்து, கொஞ்ச வருடத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். இந்தப் பெயிண்ட்டை இரண்டு மாதம் தள்ளிப்போட்டோம், அதற்குள்ளேயே வெயில் படும் பக்கம் நிறம் மாறியிருந்தது.

குழாய்களில் துவைக்கும் கல் பக்கத்துக்குப் பிடிஎம்டி பிளாஸ்டிக் குழாய் போட்டோம். அந்த இடத்தில் உப்பு நுரை தெறித்துப் பித்தளைக் குழாயின் குரோம் பூச்சு எப்போதும் உரிந்துகொண்டே இருந்தது. பிளாஸ்டிக்கில் உரிய ஒன்றுமில்லை. அதன் வெளிமரை பிளாஸ்டிக், உள்ளே போவது பித்தளை எஃப்டிஏ. இந்தப் பக்கம் இருந்து இறுக்கும்போது உடைந்தால் உடைவது 150 ரூபாய்க் குழாய்தான், சுவருக்குள் இருப்பது அல்ல. வீட்டுக்குள் எல்லாம் பித்தளைக் குழாய். விலை மலிவாக, தூக்கினால் கனமில்லாமல், பளபளவென்று இருப்பவை பெரும்பாலும் துத்தநாகக் கலவை. எங்கள் தண்ணீரில் அவை இரண்டு வருடம் தாண்டியதில்லை.

செலவுக் கணக்கு இது. பைப் 5,670. சாதாரண ஃபிட்டிங் 2,400. பித்தளை ஃபிட்டிங் 2,300. வால்வு, யூனியன் 2,300. சொல்யூஷன், டெஃப்லான் 800. ஹோஸ், நுரை உறை, டெஸ்ட் பம்ப் வாடகை சேர்த்து 1,440. பிளம்பர், உதவியாள் கூலி 9,500. கொத்தனார் கூலி 3,300. சிமென்ட், மணல், டைல்ஸ் 8,200. ஆக மொத்தம் 36,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. குழாய்களும் எலக்ட்ரீஷியன் கூலியும் இதில் சேராது. பித்தளைக்காகக் கூடுதலாகப் போன 1,800 ரூபாய் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. சமையலறையில் விரிசல் விட்ட அந்த 30 ரூபாய் எஃப்டிஏவை மாற்ற, டைல்ஸ் உடைத்து ஒட்டியதோடு சேர்த்து அன்றைக்கே 1,400 ஆனது.

அடுத்த முறை செய்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். ஒன்று, குளியலறைகளுக்குத் தனித்தனி ஸ்டாப் வால்வு. இப்போது ஒரு ஃப்ளஷ் டேங்க் பழுதானாலும் மாடிக்கு ஏறி முழு வீட்டுத் தண்ணீரையும் மூட வேண்டியிருக்கிறது. இரண்டு, காரை பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் டேப் வைத்துப் போட்டோ எடுப்பது. பெரிய குளியலறைக்கு மட்டும் எடுத்தோம். சின்னக் குளியலறையில் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது பைப் எங்கே போகிறது என்று தட்டிப் பார்த்துத் தெரியாமல், கடைசியில் கண்ணாடியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம்.

இன்னும் ஒரு இடத்தில் ஜிஐ மிச்சமிருக்கிறது. கீழே சம்ப்பிலிருந்து தொட்டிக்கு ஏறும் ஒரு இஞ்ச் மோட்டார் லைன். அதை மாற்றும்போதும் மோட்டார் வாயிலிருந்து முதல் மூன்றடி இரும்பாகவே விடப் போகிறோம். சம்ப் காலியாகி மோட்டார் வெறுமனே ஓடினால் உள்ளே நிற்கும் தண்ணீர் கொதித்துவிடும், வாயில் பிளாஸ்டிக் எம்டிஏ (வெளிமரை உள்ள இணைப்பு) இருந்தால் இளகி வழுக்கிவிடும். மோட்டாரின் அதிர்வும் அங்கேதான் அதிகம். மூன்றடிக்கு மேல், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் பித்தளை என்ஆர்வி, அதற்கு மேல் யூனியன், அங்கிருந்து மாடி வரை சிபிவிசி, இரண்டரை அடிக்கு ஒரு கிளாம்ப். என்ஆர்வியும் யூனியனும் வாங்கியாயிற்று. தை பிறந்ததும் பிளம்பர் அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.